தலைவரின் பாரியார்

‘பாரியார்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பல்லுக் கூசும். ஹோர்சன்ஸ் என்கிற டெனிஷ் ஊரில் இருக்கிற எங்கள் தமிழ் மன்றத்து மேடையைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லை மனிதர் வாயால் நான் கேட்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, கலைவிழா முடிகிற நேரத்தில், “பரிசில்களை வழங்கிச் சிறப்பிக்க மன்றத் தலைவரின் பாரியார் அவர்களை அன்புடன் அழைக்கிறோம்” என்பார்கள். அந்தப் பாரியார் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறி, கிண்ணங்களைத் தூக்கிக் கொடுத்து, கமராவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு இறங்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. அவளுக்கென்று ஒரு பெயரும் கிடையாது. என் பெயர் தங்கமலர். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே இருக்கிற டெனிஷ் கிழவர்கள்கூட “மலர், மலர்” என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். எங்கள் சனத்துக்கு மட்டும்தான் நான் பாரியார்.

என் கணவர் சிவபாலன் முன்பும் ஒருதரம் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் அவர் வீட்டில் சாப்பிட்டதைவிட மண்டபத்தில் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்ததுதான் கூட. ஆம்பிளைகளுக்கு ஒரு விளையாட்டு வேண்டும்தானே, ஆடட்டும் என்று விட்டிருந்தேன். எங்கள் ஒரே மகன் தாரகன் உயர்தரப் பள்ளியை முடித்த அன்றுதான் அது விளையாட்டில்லை என்று விளங்கியது. இந்த நாட்டில் படிப்பை முடித்த பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, சோடித்த லொறியில் ஏறி, வகுப்பில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவார்கள். தாய் தகப்பன் வாசலில் நின்று கட்டிப்பிடித்து, தின்னக் குடிக்கக் கொடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் வாசலில் நான் தனியே நின்றேன். லொறி நிறையப் பிள்ளைகள். ஒரே கூச்சல், பாட்டு. தாரகன் லொறியில் நின்றபடியே என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அவன் தகப்பன் மன்றத்தில் ஒலிபெருக்கி பற்றிய ஒரு சண்டையைத் தீர்த்து வைக்கப் போயிருந்தார். “இந்தா வாறன்” என்று போன மனிதர், லொறி போய், நான் கோப்பைகளைக் கழுவி அடுக்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

அந்தக் கோடையே தாரகன் கொப்பன்ஹேகன் பக்கம் போய்விட்டான். அதன் பிறகு வருடக்கணக்காக, தகப்பன் வேலைக்குப் போயிருக்கிற நாள் பார்த்துத்தான் வீட்டுக்கு வருவான். நான் இரண்டு பேருக்கும் இடையில் கிடந்து அரைபட்டேன். கடைசியில் அவனுக்குக் கஜந்தியைக் கல்யாணம் பேசி முடித்த நாளில், எங்கள் குசினிக்குள் அடுப்படியில் வைத்து, இவர் மகனின் தலையில் கையை வைத்தார். “இனி மன்றத்தில ஒரு கதிரையிலயும் இருக்கமாட்டன். உன்ர தலையில அடிச்சுச் சத்தியம்” என்றார்.  அதற்குப் பிறகு தாரகன் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இருக்கிற புரொண்பியிலிருந்து மனைவியோடு வரத் தொடங்கினான். தகப்பனும் மகனும் சேர்ந்து உதைபந்தாட்டம் பார்த்த அன்று நான் குளியலறைக்குள் போய் நின்று அழுதேன்.

பிறகு போன வசந்தத்தில் மன்றப் பொதுக்கூட்டம் வந்தது. இவர் சும்மா பார்வையாளராகப் போனவர். திரும்பி வரும்போது மறுபடியும் தலைவர், கழுத்தில் ஒரு பொன்னாடை.

“மலர், நான் கேட்கேல்லை. அவையளா என்ர பேரைப் போட்டிட்டினம்” என்றார். “நான் வாயே திறக்கேல்லை. சபையில வைச்சு எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?”

முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அன்றைக்கே தாரகனுக்கு போன் அடித்தேன். “அப்பா கேட்கேல்லை, ராசா. ஆக்கள் விடேல்லை. நான் சத்தியமாச் சொல்லுறன்” என்றேன்.  அவன் டெனிஷில், “நீங்கள் சொல்கிறபடியால் நம்புகிறேன்” என்றான். அவனுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். பதில் மட்டும் எப்போதும் டெனிஷில்தான் வரும். தகப்பனின் சத்தியம் உடைந்த இடத்தில் என்னுடைய சத்தியத்தை வைத்து ஒட்டிவிட்டேன். அதனால்தான் இந்த வருடக் கலைவிழாவுக்கு அவன் வந்தான். கஜந்திக்கு வயிற்றில் பிள்ளை, அவள் வரவில்லை. மண்டபத்தில் முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில், என் மகன் உட்கார்ந்திருந்தான். எனக்கு அன்று வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தனிநடிப்புப் போட்டியில் கடைசிப் பிள்ளை மேனுஜா. ஏழாம் வகுப்பு படிக்கிற, கெட்டிக்காரியென்றாலும் பஞ்சி பிடித்த, சோம்பல் பிள்ளை. தன் டெனிஷ் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்த பாடவேலை ஒப்படையையே தமிழாக்கி மன்றத்துக்கும் ஒப்பேற்றுகிறாள் என்று கேள்வி. போன கிழமை அவளுடைய தமிழ் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு போன் எடுத்தது எனக்குத் தெரியும். பிள்ளை அமெரிக்காவின் பழைய சனாதிபதி ஒருவரின் மனைவியாக நடிக்கப் போகிறாள், பரவாயில்லையா என்று கேட்டாராம். இவர் சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்.

“ஆரா வேணுமெண்டாலும் நடிக்கட்டும். ஆனா சனாதிபதி எண்ட சொல்லு எங்கட மேடையில ஏறக்கூடாது. எல்லா இடத்திலயும் தலைவர் எண்டு மாத்தச் சொல்லுங்கோ.”

நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் சனத்துக்கு அமெரிக்காவா ஞாபகத்துக்கு வரும்? எங்கள் நாட்டுச் சனாதிபதிகள் போட்ட குண்டும் நாங்கள் ஒளிந்த பதுங்குகுழியும்தான் வரும். இவர் அந்த ஒப்படையை வாங்கி ஒரு வரி வாசித்துப் பார்த்திருக்கலாம். தலைவருக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

மேனுஜா கறுப்புச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக் வேலை செய்யவில்லை. பின்னால் சனம் ரோல்ஸ் கடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளப் பெடியன் ஓடிப்போய் வயரைப் பிடுங்கித் திரும்பக் குத்தினான். ‘கிர்’ என்றொரு சத்தம். அதற்குள் பிள்ளை தன் முன்னுரையை, நாடு, பெயர், வருடம் எல்லாவற்றையும் காற்றுக்குச் சொல்லி முடித்திருந்தாள். மண்டபத்துக்குக் கேட்ட முதல் வசனம் இதுதான்:

“நான் ஒரு தலைவரின் மனைவி. எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம்.”

கடிப்பது நின்றது. இரண்டொரு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“என் கணவர் முன்பும் பதவியில் இருந்தவர். அவர் வீட்டில் இருந்ததைவிடக் கூட்டங்களில் இருந்ததே அதிகம். பதவியை விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். இனிப் போகமாட்டேன் என்று வாக்குத் தந்தார்.”

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கழுத்துக்குப் பின்னால் ஒரு சூடு பரவியது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, மண்டபம் முழுக்க என் கொண்டையைத்தான் பார்க்கிறது.

“ஒருநாள் செய்தி வந்தது. தலைவர் பதவிக்கு என் கணவரின் பெயரைப் போட்டுவிட்டார்களாம். கேட்டதும் நான் மயங்கி விழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை, அவர்களாகவே என் பெயரைப் போட்டார்கள்.”

எனக்குத் திக்கென்றது. அதே வசனம். எங்கள் வீட்டு நடையில், பொன்னாடையைக் கழற்றாமல் நின்று இவர் சொன்ன அதே வசனம். இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது? எங்கள் வீட்டுக்குள் யார் காது வைத்தது? ரீச்சர் சொன்ன அமெரிக்கக் கதை அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. ஆத்திரம் தலைக்கு ஏறியது. எழும்பிப் போய் அந்தச் சால்வையை இழுத்துவிட வேண்டும் போல இருந்தது. தாரகன் என் பக்கம் சரிந்து, “ஏன் எல்லாரும் உங்களைப் பார்க்கிறார்கள்?” என்று டெனிஷில் கேட்டான்.

“நான் அவரை நம்பினேன்” என்றாள் மேனுஜா. பிள்ளை இப்போது நன்றாகச் சூடு பிடித்துவிட்டாள். குரல் உண்மையாகவே நடுங்கியது. “ஆனால் அது பொய். பிறகு வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பதவியை அவரே விரும்பினார். அவரே ஆள் பிடித்துக் கேட்டு வாங்கினார்.”

 எனக்கு மற்றப் பக்கத்தில் யசிந்தா இருந்தாள். மன்றப் பொருளாளர் அன்ரனியின் மனைவி, நல்ல பிள்ளை, என்னோடு ஒரே இடத்தில் வேலை. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். 

“அக்கா, மாதா சத்தியமா நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை” என்றாள்.

“என்னத்தை?”

“சிவபாலன் அண்ணை எங்கட வீட்டை வந்து கேட்டதை. தலைவருக்குத் தன்ர பேரைப் போடச் சொல்லி. உங்களிட்டச் சொல்லவேண்டாம் எண்டு அன்ரனி சொன்னவர். மற்ற வீடுகளுக்கும் போனவர்தானே, அங்கயிருந்துதான் வெளியில போயிருக்கும். நாங்கள் இல்லை, அக்கா.”

எனக்குக் காது அடைத்துப்போனது. அவளுடைய வாய் தொடர்ந்து அசைவது தெரிந்தது. மற்ற வீடுகளும். அப்படியென்றால் இந்த மண்டபத்தில் யாருக்குத்தான் தெரியாது? எத்தனை வீட்டு வாசலில் என் மனிதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார்? “மலருக்குத் தெரியவேண்டாம்” என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்? கோயிலிலும் கடையிலும் என்னைக் கண்டு, “அண்ணையை விடமாட்டம் எண்டு பிடிச்சு இருத்திப்போட்டம்” என்று பல்லிளித்த முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான்தான் முட்டாள். ஊரறிந்த முட்டாள்.

அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. நடுவர்களின் மேசையில் இருந்த இவர் எழும்பிவிட்டார். முகம் கறுத்து, கையில் மைக்கோடு.

“நிப்பாட்டுங்கோ! ஆர் இதை எழுதிக் குடுத்தது? நான் ரெண்டு பேரிட்டப் போய்க் கேட்டால் அதை மேடை ஏத்திறதோ? எங்கட வீட்டுக் கதையை ஆடுறதுக்கோ இந்த மண்டபம்?”

கேட்ட கேள்வியிலேயே பதிலும் இருந்தது என்பது அவருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது.

மேனுஜா விக்கித்துப் போய் நின்றாள். கண் நிறைந்து வழிந்தது. முதலில் டெனிஷில் ஏதோ சொன்னாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழுக்கு மாறினாள்.

“அங்கிள், இது ஜேன் பியர்ஸ். அமெரிக்கா. அவ செத்து நூற்றைம்பது வருசத்துக்கு மேல. நான் முதலே சொன்னனான், மைக் வேலை செய்யேல்லை.” ஒருதரம் விம்மினாள். “நீங்கள்தானே சனாதிபதியைத் தலைவர் எண்டு மாத்தச் சொன்னனீங்கள்.”

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். இவர் மைக்கைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்க்கவில்லை. என் மகனைத்தான் பார்த்தேன்.

தாரகன் என் முகத்தில் எதையோ தேடினான். அன்றைக்கு லொறியில் நின்று வீட்டுக்குள் பார்த்த அதே பார்வை. ஆனால் இந்தமுறை என் தோளுக்கு மேலால் போகவில்லை, என்னிலேயே நின்றது.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

“இல்லை, ராசா.”

“நீங்கள் சத்தியம் செய்தீர்கள்.”

“எனக்குத் தெரியாது. கடவுளாணை, இப்பதான்…”

“இங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அம்மா” என்றான், மிகவும் மெதுவாக, டெனிஷில். “உங்களுக்கு மட்டும் தெரியாதா?”

அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழும்பினான்.  யசிந்தா சொன்னது அதிர்ச்சி; இவர் கத்தியது அதிர்ச்சி; அவையெல்லாம் ஒன்றுமே இல்லை. என் பிள்ளை என்னை நம்பவில்லை. புருசனின் பொய்யை நான் அறிந்தே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று நினைக்கிறான். நினைக்காமல் என்ன செய்வான்? நானென்றாலும் அப்படித்தான் நினைப்பேன். அவன் கதிரைகளுக்கு நடுவால் கதவை நோக்கி நடந்தான். எழும்பி ஓட வேண்டுமென்று நினைத்தேன்; எழும்பவில்லை.

வாய் மட்டும் வேலை செய்தது. “பிள்ளை சொல்லி முடிக்கட்டும்!” என்று கத்தினேன். எனக்கே என் குரலைக் கேட்டுத் திடுக்கென்றது. “மேனுஜா, நீ முடி. ஒருத்தரும் உன்னை ஒண்டும் செய்யமாட்டினம். முடியம்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

மேனுஜா சால்வையால் முகத்தைத் துடைத்தாள். “எனக்கு மூன்று ஆண்பிள்ளைகள்” என்று தொடங்கினாள். “இரண்டு பேரைச் சிறுவயதிலேயே இழந்தேன். மிஞ்சியவன் பென்னி. அப்பா வெல்லக் கூடாது என்று அவன் எனக்குக் கடிதம் எழுதினான். அவர் வென்றார். பதவி ஏற்க முன்பு நாங்கள் மூவரும் ரயிலில் போனோம். பெட்டி பாதையை விட்டு உருண்டது. எனக்குக் காயமில்லை. அவருக்கும் காயமில்லை. பென்னி எங்கள் கண் முன்னாலேயே இறந்துபோனான். அவனுக்குப் பதினொரு வயது. கணவர் பதவி ஏற்ற விழாவுக்கு நான் போகவில்லை. வெள்ளை மாளிகையின் மேல்மாடியில் கறுப்பு உடுத்திக்கொண்டு, செத்துப்போன பிள்ளைக்குக் கடிதம் எழுதினேன்.”

தலையைக் குனிந்து வணங்கினாள். ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் தொடங்கி எல்லாரும் தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். தாரகன் கதவடியில் நின்றான். ஒரு கை ஜாக்கெட்டுக்குள், மற்றக் கை வெளியில். கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

இவர் குனிந்தபடி என் பக்கத்தில் வந்து, தாரகன் எழும்பிப் போன கதிரையில் உட்கார்ந்தார்.

“மலர், வீட்டை போய்க் கதைப்பம்” என்றார் அடிக்குரலில். “சொன்னால் நீ விடமாட்டாய் எண்டுதான் சொல்லேல்லை. இதென்ன பெரிய விசயமே?”

“அவன்ர தலையில கை வைச்சனீங்கள்” என்றேன்.

“சனம் பாக்குது.”

“பாக்கட்டும்.”

நடுவர்கள் அவசர அவசரமாக முடிவைக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் சட்டென்று வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அறிவிப்பாளப் பெடியனுக்கோ கையில் இருந்த தாளை விட்டால் வேறு கதி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

“பரிசில்களை வழங்கிச் சிறப்பிக்க, மன்றத் தலைவரின் பாரியார் அவர்களை அன்புடன்…” அந்த இடத்தில் நிறுத்தி, தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

நான் போகமாட்டேன் என்றுதான் மண்டபம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மேடையில் மைக் இருந்தது. கதவடியில் என் பிள்ளை நின்றான். எழும்பினேன். படியேறினேன். முதற்பரிசு மேனுஜாவுக்கு. கிண்ணத்தைக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தாள். நான் அவளுடைய கையை விடவில்லை. மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

“பிள்ளை, ஒரு கேள்வி. அந்த மனுசிக்கு, ஜேனுக்கு, முதலே தெரியுமோ? புருசன்தான் கேட்டு வாங்கினவர் எண்டு?”

மேனுஜா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். “இல்லை, அன்ரி.”

“மைக்கில சொல்லு.”

“அவவுக்குத் தெரியாது.”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தும் அவவுக்குத் தெரியாதோ? அப்பிடியும் நடக்குமோ?”

பிள்ளை யோசித்தாள். நாடகம் முடிந்துவிட்டது, இது வேறு ஏதோ என்று அவளுக்கு மெல்லப் பிடிபட்டிருக்க வேண்டும். ஒருதரம் கதவுப் பக்கம் பார்த்தாள். “நடக்கும், அன்ரி. ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்லை” என்றாள்.

“டெனிஷிலயும் ஒருக்காச் சொல்லிவிடு.”

அவள் சொன்னாள். “அவவுக்குத் தெரியாது.” தமிழில் இரண்டே சொல், டெனிஷில் கொஞ்சம் நீளம். அந்தப் பெரிய மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் அது போய்க் கேட்டது. மைக் இந்தமுறை ஒழுங்காக வேலை செய்தது.

மிச்சக் கிண்ணங்கள் மேசையில் அப்படியே இருந்தன. நான் படியால் இறங்கினேன். “மலர், இன்னும் நன்றியுரை இருக்கு” என்று இவர் முன்வரிசையிலிருந்து சொன்னார். யசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். கதிரைகளுக்கு நடுவால் நடந்தேன், ஒவ்வொரு வரிசையாக முகங்கள் கீழே போயின. கதவடியில் தாரகன் இன்னும் நின்றான். கண் சிவந்திருந்தது. கிட்டப் போய் நின்றேன். என் சத்தியங்கள் எல்லாம் முடிந்துபோயிருந்தன.

“கொப்பன்ஹேகன் ட்ரெயின் இருக்கு, அம்மா” என்றான் தாரகன். தமிழில் சொன்னான். “வாறீங்களா?”

உள்ளே அறிவிப்பாளப் பெடியன் தலைவரை நன்றியுரைக்கு அழைத்துக்கொண்டிருந்தான். நான் கொளுவியில் தொங்கிய என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.